ரவுண் பிள்ளை

ஜெகதீஸ்வரிக்கு உத்தியோகம் என்று ஒன்று கிடையாது. ஆனாலும் துணுக்காயில் இருக்கிற அவளுடைய வீட்டுக்கு வருகிற தொலைபேசி அழைப்புகளைப் பார்த்தால், அரசாங்கக் கந்தோரில் பெரிய கதிரை போட்டு இருக்கிற ஆள் என்றுதான் நினைப்பீர்கள். "உன்ர நியமனக் கடிதத்தை ஒருக்கால் காட்டு பாப்பம்" என்று அவளுடைய கணவர் தில்லைநாதன் ஒவ்வொரு முறையும் கேட்பார். கேட்டுக்கொண்டே மோட்டார் சைக்கிளை உருட்டிப் படலைக்கு வெளியே கொண்டுபோய் வைத்து, அவளைப் பஸ்ஸுக்கு ஏற்றிவிடக் காத்திருப்பார். அவருடைய வாய் ஒரு பக்கம், மனிசன் ஒரு பக்கம்.

அவள் செய்வது இதுதான். வன்னியில் எங்காவது ஒரு வீட்டில் டவுண் சின்ட்ரோம் உள்ள பிள்ளை பிறந்தால், அந்தத் தாயைப் போய்ப் பார்த்துக் கதைப்பாள். கதைத்துவிட்டுத் திரும்பி வருவாள். இதற்கான படிப்பு அவளிடம் இல்லை, பத்தாம் வகுப்போடு வயலுக்கு இறங்கியவள். இருப்பது மகள் யதுர்ஷிகா மட்டுமே. யதுவுக்கு இப்போது இருபத்து நாலு வயது, அவளும் டவுண் சின்ட்ரோமோடு பிறந்தவள். தாய் போகிற இடமெல்லாம் அவளும் போவாள். வளர்ந்து ஆளான ஒரு பிள்ளையைக் கண்ணால் கண்டாலே அந்தத் தாய்மாருக்குப் பாதி ஆறுதல் என்பது ஜெகதீஸ்வரியின் எண்ணம். முழு ஆறுதல் தன்னிடம் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

அவளுடைய தகப்பன் வடமராட்சியில் இருந்து காணி கிடைத்து, வவுனிக்குளத்துத் தண்ணீரை நம்பி வந்து குடியேறியவர். அவள் பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் அந்தத் தண்ணீர் பாய்கிற வயல்களுக்கு நடுவில்தான். கலியாணம் செய்து எட்டு வருடம் பிள்ளை இல்லாமல் இருந்து, கோயில் குளம் என்று அலைந்து, முப்பத்து மூன்று வயதில் யதுவைப் பெற்றாள். யதுவுக்கு எட்டு வயதாக இருக்கும்போது யுத்தத்துக்குத் தப்பி அவளை முதுகில் சுமந்துகொண்டு முல்லைத்தீவுக் கரைவரைக்கும் போய், முகாமில் கிடந்து, திரும்பி வந்து, கூரையில்லாத வீட்டில் மறுபடி அடுப்பு மூட்டினாள். அதைப் பற்றிக் கேட்டால், எல்லாருக்கும் நடந்ததுதானே என்பாள். அதற்கு மேல் கதைக்கமாட்டாள்.

சங்கம் பிறகு வந்தது. பெற்றோர் சங்கம் என்றவுடன் பெரிதாக ஒன்றும் நினைத்துவிடாதீர்கள். வெளியூர் நிறுவனம் ஒன்று வந்து கூட்டம் வைத்து, படம் எடுத்து, இரண்டு வருடத்தில் திட்டம் முடிந்தது என்று சொல்லிப் போய்விட்டது. மிஞ்சியது ஒரு பெயர்ப்பலகையும் பதினொரு தாய்மாரும்தான். மாதத்தின் முதல் சனிக்கிழமை முன்பள்ளிக் கட்டடத்தில் கூடுவார்கள். கதிரைகள் எல்லாம் மூன்று வயதுப் பிள்ளைகளுக்குச் செய்தவை. அதில் குந்தி எழும்புவதற்குள் ஒவ்வொரு தாயும் இரண்டு தரம் முருகனைக் கூப்பிட்டுவிடுவாள். பிள்ளைகள் பாடுவார்கள், கடதாசிப் பை ஒட்டுவார்கள், கிழமையின் நாட்களை வரிசையாகச் சொல்லப் பழகுவார்கள். உடற்பயிற்சி சொல்லித்தருகிறவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார், வாகனம் கிடைத்தால். "கண்டறியாத சங்கம்" என்று தில்லைநாதன் சொல்வார். அதையும் முன்பள்ளியின் கூரையில் ஏறி நின்று ஓடு மாற்றிக்கொண்டுதான் சொல்வார்.

ஆனால் இந்த வருடம் ஜெகதீஸ்வரிக்கு அலுத்துவிட்டது. உள்ளதைச் சொல்வதில் என்ன வெட்கம். ஐம்பத்தேழு வயதாகிறது, முழங்கால் மடிய மறுக்கிறது. ஒரே கதையைச் சொல்லிச் சொல்லி வாய் புளித்துப்போனது. சிலர் படலையே திறப்பதில்லை. ஒரு வீட்டில் அவளையும் யதுவையும் கண்டவுடன் நாயை அவிழ்த்துவிட்டார்கள். இன்னொரு வீட்டில், நீங்கள் வந்துபோவதைச் சனம் கண்டால் மற்றப் பிள்ளைகளுக்குக் கலியாணச் சம்பந்தம் வராது, தயவுசெய்து வராதீர்கள் என்று கும்பிட்டுக் கேட்டார்கள். அடுத்த கூட்டத்தோடு இதை விடுவது என்று அவள் தீர்மானித்திருந்தாள். சமூக சேவைப் பகுதியில் வேலை செய்கிற சாரங்காவிடம் அதை எப்படிச் சொல்வது என்றுகூட மனதுக்குள் பாடமாக்கி வைத்திருந்தாள்.

அந்தச் சாரங்காதான் சனிக்கிழமை பின்னேரம் போனில் கூப்பிட்டாள்.

"அன்ரி, நெடுங்கேணியில ஒரு பிள்ளை. பொம்பிளைப் பிள்ளை, பிறந்து பதினொரு நாள். தாய் இருபத்தஞ்சு வயசு, பிரியந்தினி எண்டு பேர். பிள்ளையைத் திரும்பியும் பாக்கிறாவில்லையாம். பால் குடுக்கிறேல்லை, காய்ச்சலும் காயுதாம். செவ்வாய்க்கிழமை வான் பிடிச்சு வெளி மாவட்டத்தில ஏதோ ஒரு இல்லத்தில கொண்டுபோய் விடப்போகினமாம்."

"ஏனாம் அவ்வளவு அவசரம்?"

"முப்பத்தொண்டுக்கு முன்னம் அனுப்பிப்போட வேணும் எண்டு மாமியார் ஒற்றைக்காலில நிக்கிறாவாம், அன்ரி."

ஜெகதீஸ்வரிக்கு விளங்கிவிட்டது. பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்கு என்கிற தீட்டைக் கழிப்பார்கள். அன்றைக்குத்தான் பெயர் வைத்து, முடி இறக்கி, இனசனம் எல்லாம் வந்து பிள்ளையின் முகத்தைப் பார்க்கும். அதற்கு முன்னம் அனுப்பிவிட்டால் ஒருவரும் பார்க்கவில்லை. பிள்ளை தக்காமல் செத்துப்போனது என்று சொல்லிவிடலாம். அவள் போகாவிட்டால் செவ்வாய்க்கிழமை அந்தப் பிள்ளை வானில் ஏறிவிடும்.

"நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, சாரங்கா. பஸ் ஒழுங்கா இருக்காது."

"தெரியும் அன்ரி. எனக்கு வேற ஆக்கள் இல்லை."

இதுதான் கடைசி என்று ஜெகதீஸ்வரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

துணுக்காயில் இருந்து நெடுங்கேணிக்கு ஒரு பஸ்ஸில் போக முடியாது. மல்லாவியில் ஏறி மாங்குளத்தில் இறங்கி, முல்லைத்தீவு பஸ் பிடித்து ஒட்டுசுட்டானில் இறங்கி, அங்கே காத்துக் கிடந்து மூன்றாவது பஸ் பிடிக்கவேண்டும். காலை ஆறு மணிக்கு வெளிக்கிட்டவர்கள் பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மாங்குளத்தில் யது ரோல்ஸ் வேண்டும் என்றாள், இரண்டு சாப்பிட்டாள், மூன்றாவதைத் தரவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்தாள். ஒட்டுசுட்டானுக்குப் பிறகு தாயின் தோளில் சாய்ந்து நித்திரையாகிப்போனாள். யது நல்ல பாரம். ஜெகதீஸ்வரிக்குத் தோள் விறைத்துவிட்டது, ஆனாலும் அசையவில்லை. எழுப்பினால் இன்னும் கரைச்சல்.

சந்தியில் பிரியந்தினியின் புருசன் நிரோஜன் லான்ட்மாஸ்ரர் என்கிற சின்ன உழவு இயந்திரத்தோடு நின்றான். பின்னால் பூட்டிய பெட்டியில் சாக்கு விரித்திருந்தான். வீட்டு வாசலில் இறக்கும்போது, "அம்மா ஒண்டு சொல்லுறா, இவள் ஒண்டும் சொல்லுறாளில்லை. எனக்கு ஒண்டும் விளங்குதில்லை அன்ரி" என்றான். சொல்லிவிட்டு லான்ட்மாஸ்ரரின் பெல்ற்றைக் கழற்றி மாட்டத் தொடங்கினான். அதில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

மாமியார் சிவலட்சுமி வாசலுக்கு வந்தாள். கோபக்காரியாக இருப்பாள் என்று ஜெகதீஸ்வரி எதிர்பார்த்திருந்தாள். பார்த்தால் பதினொரு நாளாக நித்திரை இல்லாத ஒரு மனிசி. விறாந்தையில் பாய் போட்டு, பழைய சேலைத் துணியில் பிள்ளையைக் கிடத்தி, மாப்பாலைக் கரைத்துக் கரண்டியால் பருக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். பாதி பிள்ளையின் கழுத்தில் வழிந்திருந்தது.

"துடக்கு வீடு தங்கச்சி. தேத்தண்ணி குடிப்பியளோ தெரியாது."

"தாங்கோ அக்கா. விடியவெள்ளண வெளிக்கிட்டனாங்கள்."

துடக்கு வீட்டில் வெளியாட்கள் தண்ணீர்கூட வாயில் வைப்பதில்லை. ஜெகதீஸ்வரி குடித்தாள். யது குடித்துவிட்டுச் சீனி காணாது என்றாள். சிவலட்சுமி சீனிப் போத்தலைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, யதுவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

விறாந்தையை ஒட்டிய அறையில் பிரியந்தினி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பிள்ளை பெற்றவளுக்கென்று வைத்த சரக்குக் கறி அப்படியே கோப்பையில் ஆறிப்போய் இருந்தது. யது விறாந்தையிலேயே பிள்ளைக்குப் பக்கத்தில் பாயில் இருந்துகொண்டாள். ஜெகதீஸ்வரி கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு தன்னுடைய கதையைத் தொடங்கினாள். இருதயத்தை ஸ்கான் பண்ணிப் பார்க்கவேண்டும், பயப்பட ஒன்றும் இல்லை. பால் மெல்ல மெல்லத்தான் குடிக்கும். கழுத்து பிந்தி நிற்கும், நடை பிந்தும், கதை பிந்தும், ஆனால் எல்லாம் வரும். சங்கம் இருக்கிறது, கொடுப்பனவுக்கு ஒரு பத்திரம் இருக்கிறது. சொல்லிக்கொண்டு போகப் போக, தன்னுடைய குரல் பஸ் நிலையத்து ஒலிபெருக்கி மாதிரி அவளுக்கே கேட்டது. பிரியந்தினி அசையவில்லை.

வாசல் நிலையில் சாய்ந்து நின்ற சிவலட்சுமிதான் கேட்டாள். "எல்லாம் சரி தங்கச்சி. இது வளந்து உங்கட மகளின்ர வயசுக்கு வரும் எண்டு வைப்பம். நானும் இருக்கமாட்டன். மகனுக்கும் மருமகளுக்கும் வயசு போகும். பிறகு ஆர் பாக்கிறது? உங்களுக்குப் பிறகு உங்கட பிள்ளையை ஆர் பாக்கிறது?"

சில வீடுகளில் இதற்கு ஜெகதீஸ்வரி, கடவுள் வழிவிடுவார் என்று சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"தெரியாது அக்கா" என்றாள். "ஒவ்வொரு நாளும் யோசிக்கிறன். தெரியாது."

அப்போதுதான் பிரியந்தினி கதைத்தாள். சுவரைப் பார்த்தபடியே.

"அன்ரி, நீங்கள் கண்டவுடன ஏத்துக்கொண்டியளோ?"

இந்தக் கேள்வியை எல்லாத் தாய்மாரும் கேட்பார்கள். இதற்கு ஜெகதீஸ்வரியிடம் ஒரு பதில் இருந்தது. ஓம் பிள்ளை, எட்டு வருசம் தவமிருந்து பெத்தது, கடவுள் தந்ததெண்டு நெஞ்சோட அணைச்சனான். எத்தனையோ வீடுகளில் சொல்லிவிட்டாள். அது சுத்தப் பொய். பொய் சொல்வதற்கும் உடம்பில் கொஞ்சம் தென்பு வேண்டும். மூன்று பஸ் ஏறி இறங்கிய உடம்பில் அது இருக்கவில்லை.

"இல்லை" என்றாள்.

பிரியந்தினி தலையை மட்டும் திருப்பினாள்.

"அப்ப ஆசுபத்திரியில எனக்குப் பக்கத்துக் கட்டிலில ஒரு மனிசி. கிளிநொச்சி ரவுணில கடை வச்சிருக்கிறவை. ரெண்டு பேருக்கும் ஒரே நாள், ரெண்டும் பொம்பிளைப் பிள்ளை. அடுத்த நாள் அவாவைத் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டிட்டினம். அவா போனாப் பிறகு டாக்குத்தர் வந்து என்ர பிள்ளையின்ர கையை விரிச்சுப் பாத்தார், காலைப் பாத்தார், நேர்ஸ் மிஸ்ஸியிட்ட இங்கிலீசில ஏதோ சொன்னார். எனக்கு ஒரு சொல்லுத்தான் பிடிபட்டுது. ரவுண்."

எங்கள் பக்கத்தில் பட்டணத்துக்கு ரவுண் என்றுதான் பெயர். டாக்டர் சொன்னது டவுண். ஜெகதீஸ்வரியின் காதில் விழுந்தது ரவுண்.

"ரவுண் பிள்ளை எண்டு விளங்கியிட்டன். பிள்ளை மாறிப்போச்சு, என்ர பிள்ளையை அந்த ரவுண் மனிசி கொண்டுபோட்டா, தன்ரையை எனக்கு விட்டிட்டா எண்டு. இவளின்ர முகத்தைப் பாத்தன். என்ர சாடையும் இல்லை, இவரின்ர சாடையும் இல்லை. பிறகென்ன, நான் நினைச்சது சரியாப் போச்சு." அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "மூண்டு நாள் நான் பால் குடுக்கேல்லை பிள்ளை. ஒருக்காக் குடுத்திட்டா என்ரையாப் போயிடும், பிறகு மாத்தித் தரமாட்டினம் எண்டு பயம். அது அழுகுது, நான் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு இருக்கிறன். அது அழ அழ எனக்குச் சட்டையெல்லாம் பால் வடிஞ்சு நனையுது. மிஸ்ஸிமார்தான் கரண்டியால பருக்கினவை. வாசலில ஆர் வந்தாலும் ரவுண் மனிசி வந்திட்டா எண்டு எழும்பி எழும்பிப் பாப்பன்."

"பிறகு?" என்று பிரியந்தினி கேட்டாள்.

"ஒரு வயசுபோன மிஸ்ஸி வந்து, ஏன் பிள்ளை இப்பிடிச் செய்யிறாய் எண்டு கேட்டா. சொன்னன். அவா தன்ர தலையில கை வச்சிட்டா. ரவுண் இல்லையடி பிள்ளை, டவுண், அது ஒரு வெள்ளைக்கார டாக்குத்தரின்ர பேர் எண்டா. அப்ப அவர் எங்க இருக்கிறார், இவளைக் கொண்டுபோய்க் காட்டலாமோ எண்டு கேட்டன். அவர் செத்து நூறு வருசம் எண்டா."

கட்டிலில் இருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா இருமலா என்று தெரியவில்லை.

இதை ஜெகதீஸ்வரி தில்லைநாதனைத் தவிர ஒருவருக்கும் சொன்னதில்லை. சொல்லி முடித்த பிறகுதான் விறாந்தையில் யது இருப்பது ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தாள். யது அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கோ?" என்று யது கேட்டாள். "எனக்கோ பால் தரேல்லை?"

"ஓம் குஞ்சு."

"மூண்டு நாளோ?"

"ஓம்."

யது யோசித்தாள். அவள் யோசிக்கும்போது கீழுதடு வெளியே வரும். "பசிச்சிருக்கும்" என்றாள்.

ஜெகதீஸ்வரி எழும்பி அவளிடம் போகப் பார்த்தாள். அதற்கிடையில் பாயில் கிடந்த பிள்ளை முனகத் தொடங்கியது. யது அதைக் குனிந்து பார்த்தாள். பிறகு அறைக்குள் கிடந்த பிரியந்தினியைப் பார்த்து, தாய்மீது வந்த கோபத்தை எல்லாம் அவள்மேல் போட்டு, "இவவுக்கும் பசிக்குது" என்றாள்.

பிரியந்தினி கையை ஊன்றி எழும்பி இருந்தாள். காய்ச்சலில் முகம் வீங்கியிருந்தது.

"மாமி, பிள்ளையைத் தாங்கோ."

சிவலட்சுமி நின்ற இடத்திலேயே நின்றாள். "ஒருக்காக் குடுத்திட்டியெண்டா பிறகு உன்னால அனுப்பேலாது. சொல்லிப்போட்டன்."

"தெரியும் மாமி. தாங்கோ."

சிவலட்சுமி குனிந்து பிள்ளையை எடுத்தாள். கழுத்தில் வழிந்த மாப்பாலைத் தன்னுடைய சேலையால் துடைத்தாள், தேவைக்கு அதிகமாகவே துடைத்தாள். பிறகு கொண்டுபோய் மருமகளின் மடியில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். அங்கே சட்டி பானை இடம் மாறுகிற சத்தம் கேட்டது.

பிள்ளைக்குப் பிடிக்கத் தெரியவில்லை. வாயில் வைக்கும், நழுவும், அழும். பிரியந்தினியும் அழுதாள். ஜெகதீஸ்வரி பக்கத்தில் இருந்து, பிள்ளையின் நாடியை ஒரு விரலால் தாங்கி, கன்னத்தை மற்ற விரலால் மெல்ல அமத்திப் பிடித்துக் காட்டினாள். "இப்பிடிப் பிடிக்கோணும். அவசரப்படக் கூடாது. களைச்சுப்போகும், விடும், திருப்பிப் பிடிக்கும். நீரும் களைப்பீர். பரவாயில்லை." அரை மணித்தியாலம் போயிருக்கும். முழங்கால் கொதித்தது. நாலைந்து மிடறுதான் உள்ளே போனது, ஆனால் போனது. நிரோஜன் லான்ட்மாஸ்ரரை விட்டுவிட்டு வந்து, கிறீஸ் கையோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். குசினிக்குள் இருந்தபடியே சிவலட்சுமி, "வான்காரனுக்கு எடுத்துச் சொல்லு, வெட்டியா வந்து நிக்கப்போறான்" என்றாள். நிரோஜன் கையைக் கழுவாமலே போனை எடுத்தான்.

இரண்டு மணி பஸ்ஸை விட்டால் பிறகு பஸ் இல்லை. ஜெகதீஸ்வரி எழும்பினாள்.

"அப்ப போட்டு வாறம் பிள்ளை."

எங்கள் ஆட்கள் ஒரு வீட்டில் இருந்து வெளிக்கிடும்போது போகிறேன் என்று சொல்வதில்லை. போட்டு வாறன் என்பார்கள். திரும்பி வருவதாக அதற்கு ஒரு பொருளும் இல்லை. எத்தனையோ வீடுகளில் சொல்லியிருக்கிறாள், பதிலுக்கு ஓம் என்பார்கள், படலை சாத்துவார்கள்.

"எப்ப?" என்று பிரியந்தினி கேட்டாள்.

ஜெகதீஸ்வரி நின்றுவிட்டாள். அந்தப் பெண்ணின் முகத்தில் உபசாரம் ஒன்றும் இல்லை. உண்மையாகவே நாள் கேட்டாள். சாரங்காவுக்குச் சொல்வதற்குப் பாடமாக்கி வைத்த வசனம் எல்லாம் ஜெகதீஸ்வரிக்கு ஞாபகம் வந்தது, முழங்கால் ஞாபகம் வந்தது, மூன்று பஸ் ஞாபகம் வந்தது.

"வியாழக்கிழமை" என்றாள்.

"அவாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

யது முற்றத்தில் இறங்கி நடந்துவிட்டிருந்தாள்.

நெடுங்கேணி பஸ்ஸில் யது தாய்க்குப் பக்கத்தில் இருக்கவில்லை. முன்னுக்குப் போய் முன்பின் தெரியாத ஒரு கிழவரின் பக்கத்தில் இருந்தாள். ஒட்டுசுட்டானில் இறங்கி நின்றபோதும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். மாங்குளத்தில் ஜெகதீஸ்வரி கேட்காமலே ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தாள். யது வாங்கிக்கொண்டாள், சாப்பிட்டாள், கையைத் தன்னுடைய கைக்குட்டையில் துடைத்தாள். ஒரு சொல்லும் இல்லை. அந்நியப் பிள்ளை ஒன்றுக்குத் தாயைப் பிடித்துக் கொடுக்கப்போய், தன்னுடைய பிள்ளையை இழந்துவிட்டேனோ என்று ஜெகதீஸ்வரிக்குப் பயம் வந்தது. வீதி என்றும் பாராமல் அழுதாள்.

மல்லாவி பஸ்ஸில் ஒரு சீற்றுத்தான் காலியாக இருந்தது, இரண்டு பேரும் சேர்ந்து இருக்கவேண்டியதாகிவிட்டது. கொஞ்ச தூரம் போன பிறகு யது கையை நீட்டி மூன்று விரலைக் காட்டினாள்.

"மூண்டு நாள் உங்களோட கதைக்க மாட்டன்" என்றாள். "திங்கள், செவ்வாய், புதன்."

ஜெகதீஸ்வரிக்கு அது நியாயமாகத்தான் பட்டது. இருபத்து நாலு வருடம் பிந்தி வந்த தண்டனை. குறைத்துத் தரச் சொல்லிக் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை.

"சரி குஞ்சு. அப்ப வியாழக்கிழமை என்னோட வருவீரோ?"

யது யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திங்கள் வரைக்கும் பொறுத்திருக்க அவளால் முடியவில்லை, அப்போதே தொடங்கிவிட்டாள்.